எதிர்த்தரப்பில் இன்னும் பதியவில்லை

2024 ஜூன் 9, ஞாயிறு

போன வருடம் யாரோ ஒரு பிளஸ் டூ மாணவி ஆய்வகத்தில் விட்டுப்போன இயற்பியல் ரெக்கார்ட் நோட்டில் இதை எழுதுகிறேன். முதல் ஏழு பக்கங்களில் அவளுடைய தனி ஊசல் ஆடிக்கொண்டிருக்கிறது. மிச்சப் பக்கங்கள் எனக்கு. ஆய்வக உதவியாளருக்கு இந்த ஒரு சலுகையாவது வேண்டாமா.

நேற்று மாலை புனேயிலிருந்து ஒரு பார்சல் வந்தது. அனுப்பியவர் என்ற இடத்தில் அச்செழுத்தில் சங்கரலிங்கம் என்று இருந்தது. என் தம்பி. ஆறு வருடமாக என்னோடு பேசாதவன். நான் போன் செய்தால் மணி முழுதாக அடித்து ஓயும். சென்ற ஆண்டு அப்பா இறந்தபோது வந்தான், பாடை தூக்கினான், தெருவில் எல்லோரிடமும் நின்று பேசினான், என் பக்கம் வரும்போது மட்டும் குனிந்து செருப்பைத் தேடினான். அவன் கல்யாணத்துக்கு நான் போகவில்லை என்று கோபம். அன்றைக்குப் பஸ் கிடைக்கவில்லை.

பார்சலுக்குள் என் கேம் பெட்டி. 2007இல் மாமா சிங்கப்பூரிலிருந்து ஆளுக்கொன்றாகக் கொண்டுவந்தது. மூக்குக் கண்ணாடிக் கூடு மாதிரி மடியும், திறந்தால் மேலும் கீழும் இரண்டு திரை. வீட்டை விட்டுப் போகும்போது இதையும் எடுத்துக்கொண்டு போயிருந்தான். இதில் ஒரே ஒரு ஆட்டம்தான் நாங்கள் ஆடியது. ஆளுக்கொரு தோட்டம். நடலாம், களை பிடுங்கலாம், மீன் பிடிக்கலாம், சண்டை கிடையாது. நம் தோட்டத்து வாசலைத் திறந்து வைத்தால், நண்பர் அவர் ஊரில் இருந்துகொண்டே உள்ளே வந்து பேசிவிட்டுப் போகலாம். அவன் கோயம்புத்தூர் ஹாஸ்டலில் இருந்தபோது சாயங்காலம் ஆறு மணிக்கு வருவான். என் தக்காளியைப் பறித்துக்கொண்டு ஓடுவான்.

கடிதம் ஒன்றும் இல்லை. ஒரு துண்டுச் சீட்டு, அதில் எண்கள். பார்த்ததும் புரிந்துவிட்டது. ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு பன்னிரண்டு இலக்க எண் உண்டு. அவன் எண்ணை நானும் என் எண்ணை அவனும் பதிந்துகொண்டால்தான் வாசல் திறக்கும். அவன் எண்ணை அனுப்பியிருக்கிறான். வா என்கிறான். வேறு என்ன அர்த்தம்.

மத்தியானம் சோறு குழைந்துவிட்டது.

ஜூன் 10, திங்கள்

பள்ளி திறந்தது. பீக்கர் இரண்டு குறைகிறது. பெட்டி எங்கள் வீட்டு வைஃபையைப் பார்க்கிறது, சேர மாட்டேன் என்கிறது. போனின் ஹாட்ஸ்பாட்டைக் கண்ணெடுத்தும் பார்க்கவில்லை.

ஜூன் 11, செவ்வாய்

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் மைதீன் அண்ணாச்சியிடம் பெட்டியைக் காட்டினேன். பள்ளிக் கணினிகளை முப்பது வருடமாக அவர்தான் பார்க்கிறார். பெட்டியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"டீச்சரம்மா, ஒங்க மோடம் புதுசு, இந்தப் பொட்டி பழசு. மோடத்துல தொங்குதது புதுப் பூட்டு. இதுக்கு அந்தப் பூட்டத் தெறக்கவே தெரியாது."

நான் டீச்சர் இல்லை என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. "பூட்ட எடுத்துட்டா?" என்றேன்.

"எடுத்தாலும் அது பேசுத வேகம் இதுக்குக் காதுல விழாது. வீட்டுல பழைய லேப்டாப் எதும் கெடக்கா?"

"கெடக்கு. அரிசி டிரம் மேல."

விரல் நுனி அளவுக்கு ஒரு டாங்கிளை எடுத்துக் கொடுத்தார். "மோடத்துலருந்து ஒயரு லேப்டாப்புக்கு. லேப்டாப்புலருந்து இது வழியா, காத்துல, பொட்டிக்கு. நீங்களே ஒரு ஹாட்ஸ்பாட் செஞ்சிக்கிடுதீங்க, அவ்ளோதான். பூட்டுப் போடாதீங்க, தெறந்தே கெடக்கட்டும்."

ஜூன் 13, வியாழன்

ஹாட்ஸ்பாட்டுக்குப் பெயர் கேட்டது. கோமக்கா என்று வைத்தேன். கோமதி அக்கா என்று முழுதாகச் சொல்ல அவனுக்கு எந்தக் காலத்திலும் பொறுமை இருந்ததில்லை.

பெட்டியில் அந்தப் பெயர் தெரிகிறது. சிக்னல் மூன்று கோடு. ஆனால் சேரப் போனால் ஐந்து இலக்கத்தில் ஒரு பிழை எண்ணைக் காட்டிவிட்டு நின்றுவிடுகிறது. பிள்ளைகளுக்கு நான் தினமும் சொல்வதுதான், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மாற்றியதை எழுது. அலைவரிசையை மாற்றினேன். அதே பிழை. வேகத்தை ஆகப் பழைய வேகத்துக்குக் குறைத்தேன். அதே பிழை. லேப்டாப்பின் காவல்காரனை, அதுதான் வெளியாளை உள்ளே விடாத அந்த ஃபயர்வாலை, அணைத்தேன். பிழை எண்ணில் கடைசி இலக்கம் மாறியது. முன்னேற்றம்.

என் வீட்டுக்காரர் ஆவுடையப்பன் டீயை வைத்துக்கொண்டு வாசலில் நின்று பார்த்தார். "கல்யாணம் ஆயி பதினாலு வருஷத்துல எனக்கு இப்படி ஒரு நாளு ஒக்காந்து எதையும் சரி பண்ணுனதில்ல நீ" என்றார்.

"ஒங்ககிட்ட பிழை எண்ணா வருது, பாத்துச் சரி பண்ண?" என்றேன்.

ஜூன் 15, சனி

சேர்ந்துவிட்டது. இணைய முகவரியைத் தானாக வாங்கிக்கொள் என்று விட்டால் பெட்டி வாங்காது. கையால் போட வேண்டும். போட்டேன், வாங்கிக்கொண்டது. ஆட்டத்தின் கம்பெனி அதன் இணைய வேலையை எப்போதோ மூடிவிட்டதாம். ஆர்வலர்கள் சிலர் சொந்தமாக நடத்துகிறார்கள். அங்கே பழைய நண்பர் பதிவு செல்லாது, புதிதாகப் பதிய வேண்டும். அவர்கள் இணையப் பக்கத்தில் சொன்ன இரண்டு வரி எண்ணையும் போட்டேன். சோதனை வெற்றி என்று திரையில் வந்தது. தெருவுக்குப் போய் யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. பக்கத்து வீட்டு வடிவு அக்கா மட்டும் வாசலில் இருந்தாள். அவளிடம் சொன்னேன். "அப்பிடியா" என்றாள்.

தோட்டம் முழுக்கக் களை. ஆறு வருடக் களை. இன்றைக்கு வடக்கு மூலை மட்டும் பிடுங்கினேன்.

ஜூன் 16, ஞாயிறு

சீட்டில் பதினோரு இலக்கம்தான் இருக்கிறது. எண்ணி எண்ணிப் பார்த்துவிட்டேன். இடது மேல்மூலையில் பிள்ளையார் சுழி, அதற்கப்புறம் பதினோரு எண்கள். வலது ஓரம் கிழிந்திருக்கிறது. பன்னிரண்டாவது அதோடு போயிருக்க வேண்டும்.

சுழியைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. மளிகைச் சீட்டுக்குக்கூடச் சுழி போடுகிறவன் அவன். ஹால் டிக்கெட்டில் போட்டு ஒருமுறை வாங்கிக் கட்டிக்கொண்டான்.

ஜூன் 17, திங்கள்

பக்ரீத் விடுமுறை. மைதீன் அண்ணாச்சி கடை இல்லை. கடைசி இடத்தில் பூஜ்யம் முதல் ஒன்பது வரை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். பத்தும் செல்லாத எண் என்கிறது. ஹாட்ஸ்பாட்டில் ஏதோ கோளாறு இருக்க வேண்டும்.

கிழக்குப் பக்கம் களை முடிந்தது.

ஜூன் 18, செவ்வாய்

மைதீன் அண்ணாச்சி டப்பா நிறையப் பிரியாணி எடுத்து வைத்திருந்தார். சீட்டைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வாய்விட்டு வாசித்தார். "ரெண்டு, அஞ்சு, சைபர், எட்டு..."

"அண்ணாச்சி, மொதல்ல இருக்கது ரெண்டு இல்ல. பிள்ளையார் சுழி."

"எனக்கு ரெண்டாத்தான் தெரியுது." திருப்பி என்னிடம் நீட்டினார். "பன்னெண்டு வேணும்னு சொன்னீங்கள்லா? எண்ணிப் பாருங்க, சரியா இருக்கு."

மடிப்பில் எழுதியதால் அது கொஞ்சம் மேலே ஏறி நின்றிருக்கிறது, அவ்வளவுதான். வாலைச் சுழித்துப் போட்ட 2. வீட்டுக்கு வந்து பதிந்தேன். உடனே ஏற்றுக்கொண்டது. நண்பர் பட்டியலில் அவன் பெயர் வந்தது. கைதட்டினேன். ஆவுடையப்பனும் அடுப்படியிலிருந்தே தட்டினார், எதற்கென்று தெரியாமல்.

இரண்டு தம்ளர் தண்ணீர் குடித்த பிறகுதான் புத்தி வேலை செய்தது. அது சுழி இல்லையென்றால் அந்தச் சீட்டில் சுழியே இல்லை. சுழி போடாமல் அவன் ஒரு எழுத்து எழுத மாட்டான். அவனுடைய 2 நேராக வெட்டியது போல இருக்கும், வால் சுழியாது.

இது பெனிட்டா எழுதியது. அவன் மனைவி. தூத்துக்குடிக்காரி, ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவள், சுழிக்கு எங்கே போவாள். பெட்டி அவர்கள் வீட்டில்தான் கிடந்தது, எடுத்து அனுப்பியிருக்கிறாள். அதற்குள்ளேயே என் எண்ணும் இருந்தது, அதையும் அவள் குறித்து வைத்திருப்பாள்.

அப்படியென்றால் அவன் என்னைக் கூப்பிடவில்லை. அவனுக்குத் தெரியுமோ என்னவோ. நான் எந்தக் கல்யாணத்துக்குப் போகவில்லையோ அந்தக் கல்யாணத்துப் பெண் கூப்பிட்டிருக்கிறாள்.

ஜூன் 19, புதன்

பட்டியலில் அவன் பெயர் சாம்பல் நிறத்தில் இருக்கிறது. தொட்டால் ஆங்கிலத்தில் ஒரு வாசகம் வருகிறது. நம் அலுவலகத் தமிழில் சொன்னால், எதிர்த்தரப்பில் இன்னும் பதியவில்லை. அவன் என் எண்ணைப் போட்டால் பெயர் கறுப்பாகும். அதுவரைக்கும் வாசல் இல்லை.

ஜூன் 20, வியாழன்

சாம்பல்.

ஜூன் 22, சனி

டாங்கிளை ஜன்னல் பக்கம் வைத்தேன். அவன் பதிந்திருந்தும் தகவல் இங்கே வந்து சேராமல் இருக்கலாம். பாதி வழியில் விழுந்து போவதும் உண்டு என்று ஆர்வலர் பக்கத்தில் ஒருவர் எழுதியிருக்கிறார்.

ஜூன் 24, திங்கள்

வேகம் குறைந்துகொண்டே போகிறது. காரணம் கண்டுபிடித்தேன். பூட்டில்லாத ஹாட்ஸ்பாட் என்று தெரிந்து வடிவு அக்கா வீட்டில் மூன்று போனையும் சேர்த்துவிட்டார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் நாடகத்தில் யாரோ அழும் சத்தம் கேட்டால் இந்தப் பக்கம் என் இணைப்பு நொண்டுகிறது.

"எக்கா, ஒரு பத்து நாளு பொறுத்துக்கிடுங்க. எந்தம்பி வருவான்" என்றேன்.

"புனேக்காரனா? எப்போ வாரான்?" என்று ஆவலாகக் கேட்டாள். எப்படி விளக்குவது.

ஜூன் 26, புதன்

லேப்டாப்பை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். சாம்பல். கீழே கொண்டுவந்தேன். சாம்பல். மைதீன் அண்ணாச்சி கடையடைத்துவிட்டுப் போகும் வழியில் வந்து பார்த்தார். அவருக்குத் தெரிந்த சோதனை எல்லாம் செய்தார். ஆர்வலர்களே சோதனைக்கென்று வைத்திருக்கும் ஒரு தோட்டத்துக்கு என்னை அனுப்பிப் பார்த்தார். போனேன், சுற்றினேன், வந்தேன்.

"எல்லாம் நல்லா வேல செய்யுது, டீச்சரம்மா. நான் வச்சுக் கொடுத்தாக்கூட இவ்ளோ சுத்தமா வராது" என்றார். பாராட்டத்தான் சொன்னார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

ஜூன் 30, ஞாயிறு

காலையில் பொங்கல் சாப்பிடும்போது ஆவுடையப்பன் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "பொட்டி நல்லாத்தான் இருக்கு, கோமு. ஒயரும் நல்லாருக்கு. அவன் போடல, அதான்."

"ஒங்களுக்கு என்ன தெரியும்" என்று எழுந்துவிட்டேன். பொங்கல் அப்படியே கிடந்தது.

அவருக்குத் தெரியாதுதான். யாருக்கும் தெரியாது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று என்கிறேனே, மாற்றாமலே வைத்திருக்கும் ஒன்றை இங்கே எழுதிவிடுகிறேன்.

2018 செப்டம்பர் 12, புதன்கிழமை. திருநெல்வேலி சார்பதிவாளர் அலுவலகத்தில் மாலை மூன்று மணிக்கு அவர்களுக்குக் கல்யாணப் பதிவு. சாட்சிக்கு மூன்று கையெழுத்து வேண்டும். இரண்டு பேர் அவன் நண்பர்கள். மூன்றாவது நான். "நம்ம வீட்டாளு ஒண்ணு போடணும்க்கா, அவ அம்மா முன்னாடி எனக்கு ஒரு ஆளு வேணும்" என்றான். கண்டிப்பா வாரேம்லே என்று சொல்லியிருந்தேன். புடவைகூட எடுத்து வைத்தாகிவிட்டது.

அப்பாவுக்கு எல்லாம் தெரியும். வேறு மதத்துப் பெண், அவருக்குச் சம்மதமில்லை. அலுவலகத்தில் ஒட்டிய அறிவிப்பை யாரோ பார்த்துவிட்டு வந்து சொல்லிவிட்டார்கள். அவர் என்னைத் தடுக்கவில்லை. தடுத்திருந்தால் சண்டை போட்டுவிட்டுப் போயிருப்பேன். நான் கிளம்பும்போது நாற்காலியில் இருந்தபடியே, "எந்த பஸ்ஸுல போற?" என்று மட்டும் கேட்டார். பத்து மணி பஸ் என்றேன். "சரி" என்றார். அம்மா போனதிலிருந்து அவர் என்னோடுதான் இருந்தார், என் கையால்தான் சாப்பிட்டார். அந்தச் சரி எனக்குக் காலில் விழுந்த கல்லாகிவிட்டது.

சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் போய் உட்கார்ந்தேன். போனை அணைத்தேன். பத்து மணி பஸ் வந்தது, போனது. பத்தரை, பதினொன்று, பதினொன்றே கால், பதினொன்றே முக்கால். கண்டக்டர் ஒருவர் "நெல்லையாம்மா, வாங்க, எடம் இருக்கு" என்று என்னைப் பார்த்தே கூப்பிட்டார். நான் வேறு ஊருக்கு என்று தலையாட்டினேன். ஐந்து பஸ். பிறகு வீட்டுக்கு வந்து அப்பாவுக்குச் சோறு போட்டேன். சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போனார். மூன்றாவது கையெழுத்தை ஜெராக்ஸ் கடைக்காரர் ஒருவர் போட்டாராம்.

மறுநாள் அவனே போன் செய்தான். "என்னக்கா ஆச்சு?" என்றான். குரலில் கோபமே இல்லை. பஸ் கிடைக்கல்லே என்றேன். வைத்துவிட்டான். அதுதான் கடைசி.

என் தம்பியை மனம் தேடுகிறது. பிளஸ் டூ பிள்ளைகளில் எவனாவது நோட்டின் மேலே சுழி போட்டிருந்தால் அந்தப் பக்கத்தைத் திருப்ப மனம் வருவதில்லை. அவனுக்கு வயிற்றுவலி வந்தால் அங்கே யார் ஓமம் கொதிக்க வைத்துக் கொடுப்பார்கள், பெனிட்டாவுக்கு அது தெரியுமா, இதையெல்லாம் நினைத்துக்கொண்டு சோதனைக் குழாய் கழுவுகிறேன்.

ஜூலை 3, புதன்

சாம்பல். தோட்டத்தில் இனிக் களையே இல்லை. முள்ளங்கி விதைத்தேன். ஆவுடையப்பனிடம் அந்த ஐந்து பஸ்ஸையும் சொல்லிவிட்டேன். அவர் ராத்திரிச் சாப்பாட்டுப் பாத்திரம் முழுவதையும் தானே தேய்த்தார்.

ஜூலை 5, வெள்ளி

பாடவேளை நடுவில் ஐந்து நிமிடம் கிடைத்தால்கூடப் பெட்டி வீட்டில் இருப்பது நினைவு வருகிறது. ஹாட்ஸ்பாட்டைப் பகல் முழுக்க அணைக்காமல் விட்டுவிட்டுப் போகிறேன். பெட்டி திறந்திருந்தால்தான் அவன் பதிந்தது தெரியும் என்றில்லை, எப்போது திறந்தாலும் தெரியும். இருந்தாலும் அணைக்க மனம் இல்லை.

ஜூலை 7, ஞாயிறு

காலை ஒன்பது நாற்பது. ஆவுடையப்பன் கறி வாங்கப் போயிருந்தார். வழக்கம் போலத்தான் திறந்தேன். பெயர் கறுப்பாக இருந்தது.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். கறுப்புதான். வாசலைத் திறந்து வைத்தேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, மணி அடித்தது. சங்கரலிங்கம் வருகிறார் என்று காட்டியது. வந்தான். அதே நீலத் தொப்பி பொம்மை. உள்ளே நுழைந்த இடத்திலேயே நின்றான்.

இந்த ஆட்டத்தில் பேசுவதென்றால் குச்சியால் ஒவ்வொரு எழுத்தாகத் தொட வேண்டும். தமிழ் கிடையாது, ஆங்கில எழுத்தில் தமிழை எழுத வேண்டும், ஒரு வரியில் அதிகம் அடங்காது. சாப்பிட்டாயா என்று எழுதினேன். தோட்டத்தைச் சுற்றி ஒரு நடை நடந்தான். முள்ளங்கிப் பாத்தியைத் தாண்டும்போது மிதிக்காமல் சுற்றிப் போனான். திரும்பி வந்து என் முன்னால் நின்றான்.

இதற்கு மேல் தாமதித்தால் எனக்குத் துணிச்சல் போய்விடும் என்று தெரிந்தது. எழுதினேன். பஸ் கிடைத்தது. அடுத்த வரி. ஐந்து பஸ் வந்தது. அடுத்த வரி. நான் ஏறவில்லை. அடுத்த வரி. உன்னிடம் பொய்

அந்த இடத்தில் திரை வெளுத்தது. நண்பருடன் இணைப்பு துண்டிக்கப்பட்டது.

அவன் போனாலும் இந்த வாசகம்தான், ஹாட்ஸ்பாட் போனாலும் இந்த வாசகம்தான். லேப்டாப்பைப் பார்த்தேன். டாங்கிளில் விளக்கு இல்லை. தொட்டால் கொதித்தது. என் பக்கம்தான் கோளாறு. கொஞ்சம் நிம்மதியாக இருந்தது, பிறகுதான் உறைத்தது. அவனுக்கு எப்படித் தெரியும்? அவன் பார்த்தது நான் காணாமல் போனதைத்தான். இரண்டாவது முறை.

டாங்கிளைப் பிடுங்கி முந்தானையில் வைத்து ஊதினேன். வேறு துளையில் செருகினேன். லேப்டாப் அதைப் புதிதாக வந்த ஆள் என்று நினைத்து எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்டது. அலைவரிசை, வேகம், முகவரி, இரண்டு வரி எண். அவசரத்தில் முகவரியை இரண்டு தடவை தப்பாகப் போட்டேன். சுவரில் தட்டி, "எக்கா, அந்தப் போனெல்லாம் கொஞ்சம் அமத்துங்களேன்" என்றேன். வடிவு அக்கா என் குரலில் என்ன கேட்டாளோ, "அமத்தியாச்சு, அமத்தியாச்சு" என்றாள். பதினோரு நிமிடம் ஆனது.

வாசலைத் திறந்து வைத்தேன். நின்றேன். பத்தே கால் ஆனது. ஆவுடையப்பன் கறியோடு வந்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு, சத்தம் வராமல் அடுப்படிக்குப் போனார். பத்தரை.

மணி அடித்தது.

வந்தவன் நிற்கவில்லை. நேராக என் பக்கத்தில் வந்தான். எழுத்து ஒவ்வொன்றாக விழுந்தது.

"தெரியும்."

"அன்னைக்கு ஃப்ரெண்டு பைக்ல வந்தேன். ஒன்னக் கூட்டிட்டுப் போக."

"பஸ் ஸ்டாண்டுல ஒக்காந்து அழுதுட்டு இருந்த."

"மறுநாள் பஸ் கெடைக்கலன்ன பாரு. அதத்தான் தாங்க முடியல."

ஏம்லே என்னக் கூப்பிடல என்று கேட்டேன். அவன் பொம்மை அசையாமல் நின்றது. இணைப்பு மறுபடியும் போய்விட்டதோ என்று டாங்கிளைப் பார்த்தேன். விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"கூப்பிட்டா வந்திருப்ப" என்று எழுதினான். "அப்புறம் அப்பாவ யாரு பாப்பா?"

திரை நனைந்து குச்சி வழுக்கியது. முந்தானையால் துடைத்துவிட்டு, நல்லாப் பாத்துக்கிட்டேம்லே என்று எழுதினேன்.